தண்டில் முடிச்சுப் போடும் மணிலா அகத்தி: ஆப்பிரிக்கக் குட்டைக்கரையிலிருந்து வந்த செடி

கேள்வி இதுதான்: நெல்லுக்கு முன் வளர்த்து மடக்கி உழும் பசுந்தாள் உரத்துக்கு என்று விதைக்கடையில் மணிலா அகத்தி கொடுக்கிறார்களே, அது எந்த ஊர்ச் செடி, காட்டில் எப்படி வளரும், இன்னொரு பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டிலிருந்து அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கூடவே, சிலர் வயலில் 40 நாளிலேயே பூத்துவிடுவதும், காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துத் தரும் முடிச்சு தண்டில் பிடிக்காமலே போவதும் ஏன்?

பெயரில் மணிலா இருந்தாலும் செடி ஆப்பிரிக்காவுடையது. தாவரவியல் பெயர் செஸ்பேனியா ரோஸ்ட்ரேட்டா. நம் அகத்தி, சிற்றகத்தி, தக்கைப்பூண்டு எல்லாம் அடங்கிய அதே பேரினம், அவரைக் குடும்பம். கலஹாரிப் பகுதியில் சேகரித்த தாவரங்களை ஆராய்ந்த பிரெமெகாம்ப், ஓபர்மேயர் என்ற இருவர் 1935-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அடுத்த 40 ஆண்டுகளுக்கும் மேலாக வேளாண்மைக்காரர்கள் யாரும் இதன் பக்கம் திரும்பவில்லை. ஆப்பிரிக்கக் குட்டைக்கரைகளில் முளைத்துக் காய்ந்துபோகும் களை என்ற அளவில்தான் இருந்தது.

வயலில் இது என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால், அந்தக் குட்டைக்கரையை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்தச் செடியின் வினோதங்கள் எல்லாமே அங்கே பிழைப்பதற்காக ஏற்பட்டவை.

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்கிலிருந்து கிழக்காக நீளும் வறண்ட புல்வெளிப் பட்டைக்கு சஹேல் என்று பெயர். செனகல், மௌரித்தேனியா, மாலி, நைஜர், சாட், சூடான் எல்லாம் அதில் வரும். இன்னொரு கூட்டம் தெற்கே ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் பக்கம் இருக்கிறது, மடகாஸ்கரிலும் உண்டு. நடுவில் உள்ள காங்கோ மழைக்காடு இதற்கு ஆகாது. நிழலும் ஆண்டு முழுக்க ஈரமும் இருக்கும் இடத்தில் இது நிற்காது. இதற்கு வேண்டியது முழு வெயில், களிமண், ஆண்டில் சில மாதம் மட்டும் தேங்கி நின்று பிறகு வற்றிப்போகும் தண்ணீர். மழைக்காலத்தில் பள்ளங்களில் நிரம்பும் குட்டை, வெள்ளம் வந்துபோகும் ஆற்றோரத் தாழ்நிலம், காட்டுநெல் முளைக்கும் சதுப்பு, நெல்வயலின் வாய்க்கால் ஓரம் ஆகியவையே இதன் இடங்கள்.

செனகலை எடுத்துக்கொள்வோம். ஜூன் கடைசி அல்லது ஜூலையில் மழை தொடங்கும். முதல் மழையில் மண் நனையும். குட்டை இன்னும் நிரம்பியிருக்காது. அந்த இடைவெளியில்தான் விதை முளைக்கிறது. ஆகஸ்டில் தண்ணீர் ஏறும்போது நாற்று தலையை மேலே வைத்துக்கொள்ளும் உயரத்துக்கு வந்திருக்க வேண்டும். செப்டம்பர் வரை தண்ணீரில் நின்றபடி வளரும். பிறகு பூக்கும். மழை நின்று குட்டை சுருங்கும்போது காய் முற்றி, வெடித்து, விதை காய்ந்த சேற்றில் விழும். அடுத்த மழை வர எட்டு மாதம் ஆகும். அதுவரை 40 டிகிரி வெயிலில் வெடித்த களிமண்ணில் விதை கிடக்க வேண்டும். அதனால்தான் அதற்கு அவ்வளவு கெட்டியான தோல். எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்துவிட்டு, அதன்பின் மழை பொய்த்தால் வம்சமே போய்விடும். ஆகவே ஒரு பங்கு விதை தண்ணீர் குடிக்காமல் அடுத்தடுத்த ஆண்டுக்கு நிற்கும்.

செடியின் அமைப்புக்கு வருவோம். ஓராண்டுச் செடி, ஈரம் விடாத இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் நிற்கும். உயரம் பெரும்பாலும் 1 முதல் 3 மீட்டர். தண்டு நேராக எழும், அடியில் விரற்கடை அளவு பருக்கும், உள்ளே வெண்மையான மென்சோறு. மரம் என்று சொல்லும் அளவுக்குக் கட்டையாகாது. இளந்தண்டில் நீளமான மென்மயிர் உண்டு, முள் கிடையாது. இலை கூட்டிலை, 7 முதல் 25 செ.மீ. நீளம் வரை போகும். சிற்றிலைகள் இரட்டைப்படையாக, வழக்கமாக 12 முதல் 24 இணை. நுனியில் தனி இலை இராது. அடிப்பக்கத்து இணை மற்றவற்றைவிடச் சிறிதாக இருக்கும். இரவில் சிற்றிலைகள் மடங்கிக்கொள்ளும்.

பூ இலைக்கக்கத்திலிருந்து சிறு கொத்தாக வரும், கொத்துக்கு 4 முதல் 12 வரை. மஞ்சள் அல்லது ஆரஞ்சு கலந்த மஞ்சள். பெரிய மேலிதழில் செம்பழுப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும். காய் மெலிந்து, லேசாக வளைந்து, 15 முதல் 22 செ.மீ. நீளம் வரை போகும். நுனியில் விதையில்லாத நீண்ட அலகு ஒன்று கூர்ந்து நிற்கும். ஒரு காயில் 50 விதை வரை. விதை 3 மி.மீ. நீளம்தான், கரும்பச்சையிலிருந்து பழுப்பு வரை நிறம் மாறும்.

இதுவரை சொன்னதில் இந்தச் செடிக்கு மட்டுமே உரியது என்று எதுவும் பெரிதாக இல்லை. தண்டைத் தடவிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அடியிலிருந்து மேல்வரை, செங்குத்தான வரிசைகளாக, குண்டூசித் தலையளவு மொட்டு மொட்டாகப் புடைப்புகள் இருக்கும். முளைத்த மூன்று நான்கு வாரத்தில் விரல் நுனிக்கே தட்டுப்படும். இவை முடிச்சுகள் அல்ல. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு புடைப்பும் உறங்கிக் கிடக்கும் ஒரு வேர்முளை. அது தண்டின் மேல்தோலைக் குத்தி லேசாக வெளியே தலைகாட்டி நிற்கும். சுற்றிலும் வட்டமாக ஒரு மெல்லிய விரிசல் இருக்கும். தண்ணீர் ஏறி அந்த இடம் மூழ்கினால் முளை வேராக நீளும். தண்ணீர் எட்டாத உயரத்தில் உள்ளது அப்படியே கிடக்கும். ஆனால் அந்த விரிசலுக்குள் அஸோரைசோபியம் காலினோடான்ஸ் என்ற பாக்டீரியா புகுந்துவிட்டால் கதை மாறும்: வேர் வர வேண்டிய இடத்தில் முடிச்சு வருகிறது.

சாதாரண அவரைக் குடும்பச் செடிகள் பலவற்றில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக, நூல்போன்ற பாதை அமைத்து உள்ளே போகும். தண்ணீர் தேங்கிய சேற்றில் வேர்த்தூவி சரியாக வளராது. அத்தகைய இடத்தில் இந்தச் செடி அந்த வழியை விட்டுவிட்டு விரிசல் வழியைப் பிடித்துக்கொள்கிறது. தண்டில் மட்டுமல்ல, மூழ்கிய பக்கவேர்கள் கிளைக்கும் அடியிலும் இதே விரிசல் வழிதான். சேற்றில் காற்றில்லாமல் வேர்முடிச்சுகள் திணறினாலும், தண்ணீருக்கு மேலே தண்டில் இருக்கும் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் இருக்கும் தண்டின் அடிப்பகுதியும் சும்மா இராது. பஞ்சுபோலப் பருத்து, மேலிருந்து வேருக்குக் காற்றை இறக்கித் தரும். மூழ்கிய செடியைப் பிடுங்கினால் அடித்தண்டு வெளுத்து ஊதியிருப்பதைப் பார்க்கலாம். அது அழுகல் நோய் அல்ல, பயப்பட வேண்டாம்.

தண்டுமுடிச்சை வெட்டிப் பாருங்கள். 3 முதல் 6 மி.மீ. விட்டம் இருக்கும். வெளிப்பக்கம் பச்சை, ஏனென்றால் அதன் மேலடுக்கில் இலையில் இருப்பதுபோலவே பச்சையம் இருக்கிறது. உள்ளே ரோஜா நிறத்திலிருந்து சிவப்பு வரை. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருப்பதன் உறவுக்காரப் புரதம்; முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அதன் வேலை. உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளுத்திருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது பாக்டீரியா சரியாகப் பிடிக்கவில்லை. பழுப்பாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. வெறும் வேர்முளைப் புடைப்பை வெட்டினால் சிவப்பே இராது. பிளேடு ஒன்று போதும், வயலிலேயே அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தண்டுமுடிச்சு இந்தச் செடிக்கு மட்டும் சொந்தமானதில்லை. நம் ஊர்க் குளங்களில் வளரும் நெட்டிக்கும் அதன் உறவுச் செடிகளுக்கும் உண்டு, தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்குகிறார்களே அதே நெட்டிதான். இரண்டும் தண்ணீரில் நிற்கும் அவரைக் குடும்பச் செடிகள் என்பது தற்செயல் இல்லை.

செனகலின் தலைநகர் டக்கரில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் ட்ரேஃபுஸ், டோமெர்க் இருவரும் இந்தத் தண்டுமுடிச்சுகளைப் பற்றி 1981-இல் எழுதிய பிறகுதான் உலகம் இந்தச் செடியைக் கவனித்தது. பாக்டீரியாவுக்கு 1988-இல் தனிப் பேரினமே கொடுத்தார்கள். அதன் முழு மரபணுத்தொகுதி 2008-இல் வெளியானது. இந்த பாக்டீரியாவுக்கு இன்னொரு திறமையும் உண்டு: செடி இல்லாமலே, ஆக்சிஜன் குறைந்த சூழலில் தனியாகவும் தழைச்சத்தைப் பிடித்து வளரக்கூடியது. வேர்முடிச்சு பாக்டீரியாக்களில் இது அபூர்வம். மண்ணில் மட்டுமன்றி இலை, தண்டின் மேற்பரப்பிலும் பிழைத்துக் கிடக்கும். மழைத்துளி தெறிப்பது, காற்று, பூச்சி, ஏறும் வெள்ளம் ஆகியவை வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஆப்பிரிக்கக் குட்டைகளில் யாரும் எதையும் தெளிக்காமலே தண்டெல்லாம் முடிச்சாக இருப்பது இதனால்தான்.

எவ்வளவு தழைச்சத்து கிடைக்கும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். செனகலில் 1983-இல் வெளியான ஒரு சோதனையில் ஹெக்டேருக்கு 267 கிலோ என்று கணக்கிட்டார்கள். அது மிகச் சிறிய பாத்திகளில் அளந்து ஹெக்டேருக்குப் பெருக்கிய கணக்கு; ஓரச்செடிக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பதால் இத்தகைய எண் எப்போதும் உப்பியே வரும். வயல் கணக்கை நீங்களே போடலாம். 50 நாளில் ஹெக்டேருக்கு 20 டன் பசுந்தழை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு காய்ந்த எடை, அதாவது 4 டன். அதில் இரண்டரை சதம் தழைச்சத்து என்றால் 100 கிலோ. அதிலும் ஒரு பங்கு மண்ணிலிருந்தே எடுத்தது. மீதிதான் காற்றிலிருந்து வந்தது. அடுத்த நெற்பயிருக்கு உடனே போய்ச் சேருவதும் ஒரு பங்குதான், மற்றது மண்ணில் தங்கும். 60 முதல் 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

இன்னொரு பயனும் செனகல் நெல்வயலில்தான் தெரியவந்தது. நெல்வேரைத் தாக்கும் ஹிர்ஷ்மேனியெல்லா நூற்புழுக்கள் இதன் வேருக்குள் நுழைகின்றன, ஆனால் அங்கே பெருகுவதில்லை. ஆகவே நெல்லுக்கு முன் இதைப் போட்டால் புழு குறைகிறது. இதை நூற்புழு மருந்துக்கு மாற்று என்று நினைத்துவிடக் கூடாது. தொல்லை உள்ள வயலில் கூடுதல் ஆதாயம், அவ்வளவுதான்.

இப்போது தமிழ்நாட்டு வயலில் என்ன தவறுகிறது என்ற பகுதி.

முதலில் பூக்கும் காலம். இது குறும்பகல் செடி. பகல் ஏறத்தாழ 12 முதல் 12½ மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பூக்கத் தொடங்கிவிடும். டக்கரில் ஜூன் பகல் ஏறத்தாழ 13 மணி. செப்டம்பர் கடைசியில் 12 மணிக்கு வந்துவிடும். மழை முடியப்போகிறது என்பதை அந்தச் செடிக்குச் சொல்லும் கடிகாரம் அது. தஞ்சாவூர்ப் பக்கம் ஜூனிலேயே பகல் 12 மணி 45 நிமிடம்தான், டிசம்பரில் 11½ மணி. அதாவது நம் கோடைப் பகலே வரம்புக்கு மிகக் கொஞ்சம் மேலே. சித்திரையிலிருந்து ஆடி தொடக்கம் வரை விதைத்தால் 45, 50 நாளில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வளர்ந்து தழை தரும். புரட்டாசி, ஐப்பசியில் தாளடிக்கு முன் விதைத்தால் இடுப்பளவு வருவதற்குள் பூவெடுத்துவிடும்; தழை பாதிகூடத் தேறாது. விதைமேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. குறுவைக்கு முன்போ, சம்பா நடவுக்கு முன் ஆனியிலோ ஆடி தொடக்கத்திலோ போடுங்கள். மற்ற பருவத்துக்குத் தக்கைப்பூண்டே தேவலை.

அடுத்து முளைப்பு. தோல் கெட்டியானதால் விதையை அப்படியே தூவினால் ஒரு பகுதி இந்த வாரம், ஒரு பகுதி அடுத்த மாதம் என்று முளைக்கும். காட்டில் அது நல்லது, வயலில் நஷ்டம். வழக்கமான வழி அடர் கந்தக அமிலம்: 1 கிலோ விதைக்கு 100 மில்லி, 10 நிமிடம். விதையும் பாத்திரமும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அமிலம் சூடேறித் தெறிக்கும், விதையும் வெந்துபோகும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. கனமான பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லா விதையிலும் படும்படி கிளறவும். நேரம் ஆனதும் அமிலத்தோடு சேர்ந்த விதையை நிறையத் தண்ணீரில் கொட்ட வேண்டும். விதைமேல் கொஞ்சம் தண்ணீரை ஊற்றக் கூடவே கூடாது. பிறகு பத்துத் தடவைக்குக் குறையாமல் அலசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். அமிலம் வேண்டாம் என்பவர்கள் சொரசொரப்பான ஆற்றுமணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவைக்கலாம். அமிலம் அளவுக்கு முளைப்பு வராது. விதையைக் கொஞ்சம் கூட்டிப் போடவும். பசுந்தாளுக்கு ஏக்கருக்கு 16 கிலோ.

விதைத்தவுடன் தண்ணீர் கட்டுவது அடுத்த தவறு. தண்ணீரை விரும்பும் செடிதானே என்று முதல் வாரமே தேக்கினால் விதை அழுகும், முளைத்ததும் மூழ்கும். குட்டைக்கரையில் முதலில் ஈரம், பிறகுதான் தண்ணீர் என்ற வரிசையை நினைவில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் நாற்று மெதுவாகத்தான் வரும். அப்போது ஈரம் மட்டும் போதும், வடிகால் இருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே வந்தபின் தண்ணீர் நின்றால் கவலையில்லை. ஒரேயடியாகக் காய விடுவதும் தவறு. வறட்சி தாங்குவதில் இது தக்கைப்பூண்டுக்குக் கீழேதான்.

தண்டில் முடிச்சு இல்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: அந்த வயலில் அந்த பாக்டீரியா இல்லை. தக்கைப்பூண்டின் வேரில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா இதன் தண்டுக்கு உதவாது. அஸோரைசோபியம் என்று கேட்டு வாங்கி, 3 முதல் 4 வார வயதில், புடைப்புகள் தெரியும்போது தண்டின் மேல் தெளிக்க வேண்டும். உச்சிவெயிலில் தெளித்தால் பாக்டீரியா செத்துவிடும், மாலையில் தெளியுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் வேண்டாம். இலைமேல் மட்டும் படாமல் தண்டு நன்றாக நனைய வேண்டும். பிடித்துவிட்டால் நாலைந்து நாளில் புடைப்பு பெருப்பது தெரியும், பத்து நாளில் வெட்டினால் சிவப்பு தெரியும். வாங்கக் கிடைக்காவிட்டால், முடிச்சுள்ள செடி எங்காவது இருந்தால், சிவந்த தண்டுமுடிச்சுகளைச் சீவி எடுத்து, நசுக்கித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி அன்று மாலையே தெளிக்கலாம். மண்ணில் யூரியா இருந்தாலும் தண்டுமுடிச்சு வேர்முடிச்சு அளவுக்குச் சோம்பிவிடாது என்பது இதன் சிறப்பு. அதற்காக இந்தச் செடிக்கு யூரியா போடுவது வீண்செலவு. மணிச்சத்து குறைந்தால்தான் முடிச்சு பாதிக்கும். ஆகவே நெல்லுக்கு அடியுரமாகப் போட வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டை இதற்கே போட்டுவிடலாம். மடக்கி உழும்போது அது நெல்லுக்குத் திரும்பி வந்துவிடும்.

மடக்கி உழும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள். 45 முதல் 50 நாள், பூவெடுக்குமுன். தழை இன்னும் கூடட்டும் என்று 65, 70 நாள் விட்டால் தண்டு கட்டையாகி, சேற்றில் மட்காமல் கிடக்கும். மட்கும் நுண்ணுயிர்கள் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, நட்ட நெல் மஞ்சளடிக்கும். தண்ணீர் நிற்கும்போதே மிதித்தோ உழுதோ அமுக்கி, ஒரு வாரம் விட்டு நடலாம்.

தக்கைப்பூண்டு விதையைக் கலந்து விற்பதும் உண்டு. விதையில் பிரிப்பது கடினம், செடியில் எளிது. தக்கைப்பூண்டின் தண்டிலும் இலைக்காம்பிலும் சிறு முட்கள் கையில் உறுத்தும், புடைப்பு வரிசை இராது. மணிலா அகத்தியில் முள் இல்லை. மென்மயிரும் புடைப்பு வரிசையும் இருக்கும். ஒரு மாதப் பயிரில் கண்ணை மூடித் தடவினாலே தெரியும். இன்னொன்று, களர் நிலத்தைத் திருத்தத்தான் பசுந்தாள் போடுகிறீர்கள் என்றால் தக்கைப்பூண்டையே வாங்குங்கள். மணிலா அகத்தி ஓரளவு உப்பைத் தாங்கும், ஆனால் அதற்கு நிகரில்லை. தண்ணீர் வடியாத பள்ளக்கால் வயலில்தான் இது தக்கைப்பூண்டை முந்தும்.

விதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ ஒரு வரிசை விட்டால் போதும். விதைக்காக என்றால் பருவம் தலைகீழ்: குறும்பகலில் சீக்கிரம் பூப்பது அப்போது நல்லதுதான். புரட்டாசிக் கடைசியில் போட்டால் அடைமழை ஓய்ந்த பிறகு, தை மாசியில் காய் முற்றும். காய்கள் ஒரே நாளில் முற்றாது, முற்றியது வெடித்துவிடும். பழுப்பானவற்றை வாரம் ஒருமுறை காலை ஈரத்தில் பறித்து, தார்ப்பாயில் காயவைத்துத் தட்டுங்கள். துளையுள்ள விதை காய்ப்புழு குடைந்தது, புடைத்துத் தள்ளிவிடலாம். வரப்புச் செடியின் தண்டை ஓரடித் துண்டாக வெட்டிச் சேற்றில் ஊன்றினாலும், அந்தப் புடைப்புகளிலிருந்து வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும். விதை போதாமல் வயலில் விழுந்த இடைவெளிகளை இப்படி நிரப்பலாம்.